ஏழு டிகிரிக்காரர்

தெருவோரம் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கையும் தாடையில் ஒரு கையுமாக, தொட்டிலில் தூங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே ஒருவர், அவரைப் பார்த்திருக்கிறீர்களா? இரக்கப்பட்டு, "என்ன சார், ரிப்பேரா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவருக்குக் கோபம் வரும். கோபம் தணிந்ததும் விளக்கம் வரும். கோபமே தேவலை.

டர்போ காற்றை அமுக்குகிறதாம், அமுக்கிய காற்று சூடாகிறதாம், சூடான காற்றில் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறதாம். அதைக் குளிர வைக்கிற பெட்டிக்குப் பெயர் இன்டர்கூலராம். கம்பெனிக்காரன் வைத்தது தீப்பெட்டி அளவாம், இவர் வைத்திருப்பது சூட்கேஸ் அளவாம். இதையெல்லாம் நீங்கள் கேட்டு முடிக்கும்போது கையிலிருக்கும் பால் பாக்கெட்டும் சூடாகியிருக்கும்.

நம்மவர் புவியியல் வாத்தியார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர், நடுவில் ஆறு சிக்னல். அந்த வேகத்துக்கு இன்டர்கூலர் எதற்கு என்று கேட்கிறீர்களா? கேட்டவர்களோடு அவர் பேசுவதில்லை.

"உள்ள போற காத்து ஏழு டிகிரி குறைஞ்சிருக்கு!" என்று மாட்டிய அன்றே வீட்டுக்குள் ஓடி வந்தார்.

"இங்க எத்தனை குறைஞ்சிருக்காம்? ஃபேன் ஓடி மூணு மாசமாச்சு" என்றாள் மனைவி.

அன்று முதல் தெருவில் அவர் பெயர் ஏழு டிகிரி.

சூட்கேஸ் உள்ளே நுழைய வேண்டுமானால் யாராவது வெளியேற வேண்டுமே? ஹாரன் வெளியேறியது. "தற்காலிகமாத்தான்" என்று கழற்றி, செருப்புப் பெட்டியில் போட்டு, ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். நான்கு மாதமாக அது அங்கேதான் தற்காலிகமாக இருக்கிறது. ஏசிக்குப் போகிற காற்றையும் சூட்கேஸ் மறித்துக்கொண்டதில், எஞ்சின் குளுகுளுவென்றும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வெந்துகொண்டும் பயணம் செய்தார்கள்.

இந்த நேரம் பார்த்து அவர் மனைவிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நேர்முகத் தேர்வு வந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்யும் வேலை. பிள்ளை பிறந்ததற்காக வேலையை விட்டு எட்டு வருஷம் வீட்டில் இருந்தவள். ஒரு வாரமாக ஐஸ் தண்ணீரைத் தொடவில்லை, பிள்ளையைத் திட்டக்கூட இல்லை. குரல் போனால் வேலை போச்சு.

"பஸ்ல போறியா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்? புது இன்டர்கூலர்ல பத்து நிமிஷம்!" என்றார் இவர்.

மூன்றாவது சிக்னலில் ஒரு சரக்கு வண்டி குறுக்கே நின்றது. ஏழு டிகிரி ஸ்டியரிங்கின் நடுவில் அமுக்கினார். சத்தம் எங்கிருந்து வரும்? அது ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

"நீ கொஞ்சம் சத்தம் குடேம்மா."

வேர்வையில் நனைந்தபடி தலையை வெளியே நீட்டி, "அண்ணே, வழி விடுங்க!" என்றாள். இரண்டாம் முறை கத்தினாள். மூன்றாம் முறை குரல் கீச்சிட்டது. தொண்டையில் கை வைத்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னிக்கு என் தொண்டைதாங்க எனக்குச் சோறு. அதை உங்க காருக்கு ஹாரனாக்க மாட்டேன்" என்று கதவைத் திறந்து இறங்கி, பின்னால் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஏழு டிகிரி வருத்தப்பட்டாரா? ஏன் படாமல்! இரண்டு நொடி பட்டார். அப்புறம், "ஐம்பத்தெட்டு கிலோ குறைஞ்சிருக்கு, இனிமே பாரு இழுவையை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பஸ்ஸுக்கு ஹாரன் இருந்தது, அது வழி வாங்கிக்கொண்டு முதலில் போய்ச் சேர்ந்தது. இருபது நிமிஷம் கழித்து வந்த ஏழு டிகிரி, நெரிசலில் சூடேறிய தன் செல்வத்தை முதலில் கண்ணில் பட்ட நிழலில் நிறுத்தி, முன்மூடியைத் திறந்து ஆற வைத்தார். அது ஆம்புலன்ஸ் நுழையும் வாசல்.

மாடியில் அவள் வெந்நீர் குடித்துவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு சீட்டை நீட்டினார். அதை வாங்கிப் பார்த்த நிர்வாக அதிகாரி அம்மா, "இதையே படிங்க. இதுதான் உங்களுக்குப் பரீட்சை" என்றார்.

சீட்டில் ஒரு கார் நம்பர். அவளுக்கு அது மனப்பாடம். அவமானத்தில் முகம் சிவந்தது. ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் படித்தாள். ஆறு மாடியிலும் மணிபோல் கேட்டது:

"அன்பான கவனத்திற்கு. அவசர சிகிச்சை வாசலில் முன்மூடி திறந்த நிலையில் நிற்கும் நீல நிறக் காரை அதன் உரிமையாளர் உடனடியாக அகற்றவும்." நம்பரையும் படித்தாள். அத்தோடு சீட்டு முடிந்தது. அவள் முடிக்கவில்லை. "ஊழியர்கள் கவனத்திற்கு. அந்தக் காரில் ஹாரன் கிடையாது. பின்னால் நிற்பவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளவும்."

அதிகாரி அம்மா சிரித்தேவிட்டார். வேலை கிடைத்தது.

உத்தரவுக் காகிதத்தோடு கீழே வந்தவளிடம் ஏழு டிகிரி பூரித்துப்போய்ச் சொன்னார்: "பாத்தியா? பழைய இன்டர்கூலரா இருந்திருந்தா, நீ பஸ்ஸைப் பிடிக்கிற இடத்துக்கே நாம வந்திருக்க மாட்டோம்!"

அவள் குரலை வேலைக்குப் பத்திரப்படுத்திக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்களிடம் டர்போ இல்லை, காரே இல்லை, சரிதான். ஆனால் உங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக யாராவது அதிகமாகக் கத்துகிறார்களா? சிரித்து முடித்ததும், ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, ஃப்ரிட்ஜ் மேல் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.