மீட்டரின் நெற்றி

அளவாகப் பேசுகிறவர்களை உலகம் அறிவாளிகள் என்று நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையின் நிழலில் நான் கல்லூரியில் நிம்மதியாகத் தமிழிலக்கியம் பயின்றுகொண்டிருந்தேன். காரிமங்கலத்துக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலையில் அந்த நிம்மதி முடிவுக்கு வந்தது.

எண்பதுகளின் பிற்பகுதி. அண்ணன் சேகர் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலையின்றி இருந்தான். ஆலையின் மின்சார உள்மீட்டரை முதலாளி தம் நாற்காலியிலிருந்தே கவனிக்க அவன் ஒரு கருவி செய்திருந்தான். மீட்டருக்குள் சுழலும் தட்டில் ஒரு கறுப்புக் குறி உண்டு. கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திய 'கண்', அந்தக் குறி கடக்கும்போதெல்லாம் அடுத்த அறையிலிருக்கும் பேட்டரிப் பெட்டிக்குச் சேதி அனுப்பும். பெட்டியில் 'டொக்' என்று ஓர் எண் ஏறும். ஏறினால் அண்ணனுக்கு அங்கேயே வேலை. ஏறாவிட்டால் ஓசூருக்குப் போய் மாமாவின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட வேண்டும்.

ஒயர் மாட்டும் பொறுப்பு எனக்கு. கண்ணின் முதுகில் இரண்டு துளைகள், பெட்டியின் முதுகில் இரண்டு. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று, வெண்பாவுக்குச் சீர் பிரிக்கும் கவனத்தோடு செருகித் திருகினேன். (அதில் ஒரு தப்பும் இல்லை, சத்தியம் செய்யச் சொன்னால் இப்போதும் செய்வேன்.)

அண்ணன் பெட்டியருகே போனதும் முதலாளியின் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"புது மிசினு, பொட்டு வெக்காம ஓட்டலாமா? பாப்பா, உன் கையால வையி."

'கண்'ணில் வைப்பது மடமை என்பதை உடனே உணர்ந்தேன். மீட்டரின் நெற்றி எது என்று ஆராய்ந்து, கண்ணாடியின் நட்டநடுவில், தட்டு தெரியும் இடத்தில், தாராளமாகச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

இயந்திரங்கள் இரைந்தன. பெட்டி பேசவில்லை.

"ஏன்டா சேகரு, இந்த ஓட்டம் ஓடுது, உன் பொட்டி தூங்குது?" முதலாளியின் குரல் சன்னல் வழியே வந்தது.

"ஒயரு லூசா இருக்குமுங்க."

"ஒயரு மாட்டுனது யாரு?"

"தங்கச்சிங்க. தமிழ் இலக்கியம் படிக்குது."

"அப்பச் சரி."

(அந்த 'அப்பச் சரி' சுருக்கென்று தைத்தது.) என் ஒயர்களின் மானம் காக்க மீட்டரை உற்றுப் பார்த்தேன். நெற்றிப்பொட்டு தட்டை முழுவதும் மறைத்திருந்தது. தாவணித் தலைப்பால் வெறியோடு துடைத்தேன்.

டொக். டொக். டொக்டொக்டொக்.

"அய்யய்யோ, மெயின ஆப் பண்ணுங்கடா!"

ஆலை நின்றது. பெட்டி நிற்கவில்லை, நான் துடைத்து முடித்திருக்கவில்லை.

"கரண்டே இல்ல, ஏறுதே! பேய் பூந்த பொட்டியாடா இது?"

எல்லோரும் ஓடிவந்தார்கள். சந்தனம் அப்பிய தாவணியோடு நின்றபடி, பலர் முன்னிலையில் என் முதல் முழு வாக்கியத்தைச் சொன்னேன்:

"ஐயா, இப்போது ஏறியவை மின்சாரமல்ல, என் கை. அவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள்."

அண்ணன் கண்களை மூடிக்கொண்டான். முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணின் முன்னால் தம் கையை மெல்ல ஆட்டினார். டொக். மறுபடி ஆட்டினார். டொக். சிரிக்கத் தொடங்கினார்.

"கைய ஆட்டுனதையே வுடாம எண்ணுது, கரண்ட வுட்டுருமா? மெயினப் போடு!"

தட்டு சுழன்றது. பெட்டி ஒழுங்காக எண்ணியது.

"சேகரு, நாளையிலிருந்து வந்துரு. தங்கச்சியக் கூட்டியாராத."

இன்றும் எங்கள் வீட்டுக்கு மின்கட்டணம் கணக்கெடுக்கும் நாளில், ஆலையிலிருந்து வரும் அண்ணன் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே கேட்கிறான்:

"அம்மா, எத்தன யூனிட்டு? அவ கையக் கழிச்சுட்டுச் சொல்லு."