போகாமலே அயர்லாந்து பார்த்தவர்

உங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் "அட, அங்கேயா!" என்று தொடையைத் தட்டுகிற மனிதரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். சந்திக்காமல் தப்ப முடியாது. விமான நிலைய வரிசையில், கல்யாணப் பந்தியில், பல் டாக்டர் வாசலில், எங்கேயும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊர்ப் பெயர் உங்கள் வாயை விட்டு முழுசாக வெளியே வருமுன் அவர் அந்த ஊரில் போய் இறங்கியிருப்பார். பஸ் ஸ்டாண்டு, அதற்கு எதிரே ஒரு லாட்ஜ், லாட்ஜை ஒட்டி ஒரு சந்து, சந்து முனையில் ஒரு பிள்ளையார் என்று அடுக்கிக்கொண்டே போவார். எந்தத் தமிழ் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் இல்லை? எந்தச் சந்து முனையில் பிள்ளையார் இல்லை? ஆனால் அதை யோசிக்கவா தோன்றுகிறது? ஊரை விட்டு வந்தவனுக்கு மனசு இளகிவிடும். "அதே பிள்ளையார்தான் சார்!" என்று மீதியை நீங்களே கொட்டிவிடுவீர்கள். அடுத்த வாரம் அந்த மீதியை உங்களிடமே அவர் சொல்வார். நீங்கள் அசந்துபோவீர்கள்.

இந்த ரகத்தில் கலப்படமில்லாத முதல் தரச் சரக்கு ஒன்று எண்பத்தைந்து வாக்கில் வளைகுடா நாட்டுப் புஜைராவில் இருந்தது. பெயர் வெங்கட்ராமன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கிடங்குக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பரின்டெண்ட். திண்டுக்கல், திருச்சி, மெட்ராஸ், பம்பாய், புஜைரா: அவர் கால் பட்ட ஊர்கள் இவ்வளவுதான். வாய் பட்ட ஊர்களுக்குக் கணக்கில்லை.

அவருடைய உதவியாளர் மார்க்கண்டு யாழ்ப்பாணத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வேலைக்குச் சேர்ந்த அன்றே வெங்கட்ராமன் அவரையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"உங்க ஊர்ச் சந்தை இருக்கே, காலங்கார்த்தாலே என்ன கலகலப்பு!"

"இருந்தது சேர்" என்றார் மார்க்கண்டு. "போன வருசம் எரிச்சுப் போட்டாங்கள்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயடைத்துப் போயிருப்பார்கள். வெங்கட்ராமன் ஒரு மூச்சுக்கூட இடைவெளி விடவில்லை. "ஆமாம், ஆமாம், கேள்விப்பட்டேன்" என்றார். அதற்குப் பிறகு மார்க்கண்டு அவரிடம் ஊரைப் பற்றிப் பேசியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மக்மாரோ என்ற அயர்லாந்து எஞ்சினியர் மேனேஜராக வந்து சேர்ந்தார். முதல் நாள் டீ வந்ததும் வெங்கட்ராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அயர்லாந்தில் எந்த ஜில்லா?"

மக்மாரோ நிமிர்ந்தார். வளைகுடாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "லீட்ரிம். உங்களுக்குத் தெரிந்திருக்காது. அயர்லாந்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது."

"லீட்ரிம் தெரியாமல் என்ன? லீட்ரிமில் எங்கே?"

"டிரம்ஷான்போ."

வெங்கட்ராமன் கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளைக்காரன் ஊர், ஆகவே சர்ச் உண்டு. குளிர் தேசம், ஆகவே மழை உண்டு. மழை பெய்தால் தண்ணீர் எங்கேயாவது போய்த்தானே நிற்க வேண்டும்?

"ஒரு தெரு. ஒரு பக்கம் சர்ச். எப்போதும் தூறல். அப்புறம் பக்கத்திலேயே பெரிய தண்ணீர்..."

"ஏரி! லாக் ஆலன்!" என்று கத்திவிட்டார் மக்மாரோ.

"அதேதான். லாக் ஆலன்" என்றார் வெங்கட்ராமன் கண்ணைத் திறக்காமலே.

அன்றிலிருந்து தினமும் டீ வேளையில் லீட்ரிம். மக்மாரோ கேரிக்-ஆன்-ஷானனின் ஆற்றுப் பாலத்தைச் சொல்வார், பாலினமோரைச் சொல்வார், மோஹிலைச் சொல்வார், சின்ன வயசில் ஏறிய குட்டி ரயிலைச் சொல்வார். பத்து நாள் ஆறவிட்டு வெங்கட்ராமன் அவற்றை அவரிடமே திருப்பி விற்பார். ஒரே ஒரு தடவை சறுக்கினார். "அந்தச் சின்ன ரயிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேனே" என்று சொல்லிவிட்டார்.

"ரயிலா? அதை ஐம்பத்தொன்பதிலேயே மூடிவிட்டார்களே. நீங்கள் எப்போது போனீர்கள்?"

"எழுபத்தொன்றில்" என்றார் வெங்கட்ராமன். "லிவர்பூலில் ஒரு கப்பல் கம்பெனியில் இருந்தேன். ஒரு வாரம் லீவு. ரயில் இருந்திருந்தால் இப்படித்தான் போயிருப்பேன் என்று சொல்ல வந்தேன்."

மக்மாரோ நம்பினார். நம்பியதோடு விட்டாரா? வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டபோது அதையும் சொல்லிவைத்தார். டிரம்ஷான்போவில் கிழவிக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. சனிக்கிழமை மக்மாரோ ஸ்டோர்ஸுக்கு ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"வெங்கட், அம்மாவுக்கு உங்களை ஞாபகம் இருக்கிறது! மழையில் தொப்பலாக நனைந்து வந்து நெருப்புப்பெட்டி கேட்டீர்களாம். பாவம் பார்த்து ரொட்டியும் டீயும் கொடுத்தாளாம்!"

இப்படி ஒரு சாட்சியை வெங்கட்ராமன் வாழ்நாளில் கண்டதில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார்: "ரொட்டி நன்றாக இருந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள்."

இதை வீட்டில் பெருமையாகச் சொல்லப் போய் மனைவி ஜலஜாவிடம் மாட்டிக்கொண்டார். "ஏன்னா, எழுபத்தொண்ணுலே நீங்க லிவர்பூலா போனேள்? மஞ்சக்காமாலை வந்து திண்டுக்கல்லே எங்காத்து ரேழியிலேன்னா படுத்துண்டிருந்தேள்? கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தது யாரு, அந்த மக்மாரோ அம்மாவா?"

"ஒனக்குப் புரியாது" என்றார் வெங்கட்ராமன். அவருக்கே இப்போதெல்லாம் கொஞ்சம் குழப்பம்தான். கண்ணை மூடினால் மழை தெரிந்தது. ரொட்டி வாசனை கூட வந்தது.

அந்த வருஷக் கடைசியில் கம்பெனி புது பம்புகளுக்கு ஆர்டர் கொடுத்தது. எங்கே? அயர்லாந்தில். ஸ்பேர் பார்ட்ஸ் விவரம் கற்றுக்கொள்ள ஸ்டோர்ஸிலிருந்து ஒருவர் மூன்று வாரம் போய்வர வேண்டும், செலவெல்லாம் கம்பெனியுடையது என்று தகவல் வந்தது. ஸ்டோர்ஸில் பெரியவர் யார்? வேறு யார் போக முடியும்? ஜலஜா அந்தப் புஜைரா வெயிலில் உட்கார்ந்து நீலக் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினாள். பக்கத்து ஃபிளாட் ஷியாமளாவிடம் சொல்லியாகிவிட்டது. ஷியாமளாவிடம் சொன்னால் புஜைரா முழுக்கச் சொன்ன மாதிரி.

மக்மாரோ வெங்கட்ராமனைக் கூப்பிட்டார்.

"வெங்கட், முறைப்படி நீங்கள்தான் போக வேண்டும். ஆனால் ஒரு விஷயம். உங்களுக்கு லீட்ரிமில் பார்க்காத மூலை இல்லை. மார்க்கண்டு பாவம், லீவு வந்தால் போக ஊரில்லாமல் கம்பெனி கேம்பிலேயே கிடக்கிறான். அவன் போய்ப் பார்க்கட்டுமே? நீங்கள் வேண்டாம் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன்."

ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது. நான் போனதே இல்லை: சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொல்லிவிட்டால் மக்மாரோ ஒரு நாள் முறைப்பார், ஒரு வாரம் சிரிப்பார், டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவார். விமானம், ஏரி, பாலம், ஸ்வெட்டர், ஷியாமளா எல்லாம் வெங்கட்ராமன் கண்முன் ஒரு சுற்று வந்து போயின. வாயைத் திறந்தார்.

"மார்க்கண்டுவை மழைக்கோட்டு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்" என்றார். "அங்கே மழை சொல்லிக்கொண்டு வராது."

கலாஸ். முடிந்தது.

வீட்டில் ஜலஜா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடைசி வரிசையைப் பின்னி முடித்து ஸ்வெட்டரை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "போறவர்கிட்டே கொடுங்கோ. உங்களுக்குத்தான் அந்தக் குளிர் பழகினதாச்சே."

மூன்று வாரம் கழித்து மார்க்கண்டு திரும்பி வந்தார். நம் ஆட்கள் எல்லோரும் டீ வேளையில் ஸ்டோர்ஸில் கூடிவிட்டார்கள். வெங்கட்ராமனும் வந்தார். அவர் வராமல் கூட்டம் எப்படித் தொடங்கும்?

"டிரம்ஷான்போவுக்குப் போனீரா?"

"போனன் சேர். மக்மாரோ சேரின்ர அம்மாவைப் பாக்கப் போனன். கதவைத் திறந்து என்னைக் கண்ட உடனை, 'நீ திரும்பி வந்திட்டியே!' எண்டு மனிசி ரெண்டு கையையும் பிடிச்சுக் கொண்டா."

வெங்கட்ராமன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீர் என்ன சொன்னீர்?"

"அது நானில்லை எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தன். அவ அழத் தொடங்கிட்டா. 'அண்டைக்கு நல்லா நனைஞ்சு போய் வந்தாய்' எண்டா." மார்க்கண்டு தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "'ஓம் அம்மா, நல்ல மழை' எண்டு சொல்லிப் போட்டன். என்னைக் கண்டு ஒருத்தர் அப்பிடிக் கதவு திறந்து எவ்வளவு காலம்! நாலு தரம் போனன். நாலு தரமும் ரொட்டி சுட்டுத் தந்தா."

வெங்கட்ராமன் எழுந்துவிட்டார்.

"அது நான்!" என்றார். "மழையிலே நனைஞ்சது நான்! நெருப்புப்பெட்டி கேட்டது நான்! அந்தம்மா அழுதது எனக்காக! எனக்கு வெச்சிருந்த ரொட்டியை நீர் எப்படித் தின்னலாம்?"

அவர் கண்ணில் இருந்தது நிஜக் கண்ணீர். யாரும் சிரிக்கத் துணியவில்லை.

ஒரு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசினார்கள், பேசினார்கள் என்ன, சண்டை போட்டார்கள். ஏரியிலிருந்து வந்தால் சர்ச் இடது பக்கமா, வலது பக்கமா? வெங்கட்ராமன் இடது என்றார். நாலு தரம் நடந்து போன மார்க்கண்டு வலது என்றார். கேட்டவர்கள் எல்லோரும் இடது என்றே தீர்ப்புச் சொன்னார்கள். பார்த்து வந்தவருக்குக் குரல் கம்மி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் லாக் ஆலன், பாலினமோர், மோஹில் என்று பெயர்கள் வந்தபோதெல்லாம் ஒரு தரமாவது நிறுத்தி, தேசப்படத்தை எடுத்து எங்கே இருக்கிறதென்று தேடினீர்களா? இல்லையே. ரொம்பத் தெரிந்தவர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டே வந்தீர்கள். கழுத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். இந்த வியாதி முதலில் அங்கேதான் பிடிக்கும்.