நான் கழுவிய கேன்சர் செல்கள்

எனக்குச் சுத்தம் ஒரு வியாதி. இதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்பா வாயால் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

அப்பா காரைக்குடியில் பழைய மரச்சாமான் கடைகளுக்கு வேலை செய்யும் தச்சர். நாற்காலியில் அப்பிக் கிடக்கும் பெயிண்டைத் தின்னர் ஊற்றித் தேய்த்தால் உள்ளேயிருக்கும் தேக்கு தெரியும். என் பள்ளி விடுமுறையெல்லாம் அந்தத் தேய்ப்பில்தான் போனது.

அதே கையோடு முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குப் போனேன். சில புற்றுநோய் செல்களின் மேற்பரப்பில் கிளைகோலிப்பிட் என்று ஒன்று நிறைய இருக்கும். சர்க்கரை ஒட்டிய கொழுப்பு. அதை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மோனோகுளோனல் ஆன்டிபாடியை வெளியூர் ஆய்வகம் ஒன்று இரக்கப்பட்டு ஒரு குட்டிக் குப்பியில் கொடுத்திருந்தது. ஒட்டினால் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மின்னும். என் ஆய்வை மேற்பார்வையிடும் கமிட்டிக்குத் திங்கட்கிழமை அந்தப் பச்சையைக் காட்டாவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார்கள்.

முதல் தடவை செல்களை மெத்தனாலிலும் சோப்புக் கரைசலிலும் கழுவி ஆன்டிபாடியை விட்டேன்; கும்மிருட்டு. அழுக்கு போகவில்லை போலிருக்கிறது என்று (மேதை!) இன்னும் கொஞ்சம் மெத்தனால், இன்னும் கொஞ்சம் சோப்புக் கரைசல் ஊற்றினேன். மறுபடியும் இருட்டு. விடுவேனா? மூன்றாம் தடவை இருபது அலசல். குப்பியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருந்தது.

கமிட்டியில், ஆன்டிபாடி வரும்போதே கெட்டுப்போயிருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். (கொடுத்த புண்ணியவான்கள் மன்னிக்க வேண்டும்.) கமிட்டியிலிருந்த மேடம் நிதானமாகக் கேட்டார்.

"செல்லை எதுலம்மா கழுவுனீங்க?"

"மெத்தனால், அப்புறம் சோப்புக் கரைசல். இருபது தடவை மேடம்," என்றேன் பெருமையாக.

"நீங்க தேடுறது என்ன?"

"கிளைகோலிப்பிட். கொழுப்பு மே..."

'மேடம்' முடியவில்லை. இரண்டுமே கொழுப்பைக் கரைத்துவிடும். தேடிய பொருளை நானே மூன்று முறை வாஷ்பேசினில் ஊற்றியிருக்கிறேன். அந்த நிமிஷம் செத்துவிடலாம் போலிருந்தது.

ஆனால் தலைப்பை விடுவதாக இல்லை. ஒரு வாரம் கெஞ்சி வாங்கினேன். மெத்தனாலுக்குப் பதில் கொழுப்பைக் கரைக்காத ஃபார்மலின். சோப்பு கிடையாது. உப்புக்கரைசலில் மூன்றே அலசல். நாலாவதுக்குக் கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசிச் சொட்டையும் விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பச்சை வளையம். அழுதேவிட்டேன்.

இப்போது எனக்கு முனைவர் பட்டம் இருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒருவர் அப்பாவிடம், பூ வரைந்த பழைய மரப்பெட்டியைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தார். மரியாதைக்கு வாங்கி வைக்கலாமென்று நான்தான் கையை நீட்டினேன்.

"எங்கிட்டக் குடுங்க," என்றார் அப்பா. "எம்மக கையில மட்டும் குடுத்துறாதீக. பூவப் பூராக் கழுவி விட்டுட்டு, பூவக் காணோமுன்னு தேடுவா."