ஆன்ஸ்லின் வீட்டு இரைச்சல் ஆராய்ச்சி

அருமனை ஊரில் யார் வீட்டில் எது பழுதானாலும் பத்தே நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிடுவான் ஆன்ஸ்லின். மஸ்கட்டில் பன்னிரண்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். காரணம் சரியாக இருக்குமா என்பது வேறு விஷயம். பத்து நிமிடம் மட்டும் தவறாது.

அப்பேர்ப்பட்டவனின் கிட்டார் ஆம்ப் அவன் வீட்டு ஹாலிலேயே இரைந்தது.

சாதாரண ஆம்ப் அல்ல. உள்ளே வால்வுகள் சிவந்து எரியும் பழைய ரகம். தூக்க இரண்டு ஆள் வேண்டும். மஸ்கட்டிலிருந்து வந்தபோது தனக்கு இந்த ஆம்பும் மனைவி ஷீஜாவுக்கு ஒரு எமர்ஜென்சி லைட்டும் கொண்டுவந்தான். லைட் ஒரு வாரத்தில் கண்ணை மூடியது. ஆம்ப் இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அறுப்பின் பண்டிகை. பாட்டுக்குக் கிட்டார் ஆன்ஸ்லின்தான். திங்கட்கிழமையே கொயர் மாஸ்டர் ஞானையன் ஆம்பைக் கேட்டுப்பார்க்க வந்துவிட்டார்.

“ம்ம்ம்ம்ம்” என்றது ஆம்ப்.

“ஆன்ஸ்லின், இது கிட்டாரா, மாவு மில்லா?”

“சின்னக் குத்தம்தான் சார். சரியாக்கிருவேன்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தச் சத்தம் நிக்கல்லேன்னா டெல்வின் கீபோர்டு வாசிப்பான். நீ கை தட்டினா போதும்.” பிறகு ஷீஜாவின் பக்கம் திரும்பினார். “ஷீஜா, ரெண்டாம் சரணம் நீ தனியா பாடுத. தினம் அஞ்சு மணிக்கு பிராக்டிஸ். வந்துரு.”

ஷீஜாவின் முகம் மலர்ந்தது. கொயரில் சேர்ந்த நாள் முதல் பின்வரிசையில் நின்றே பாடியவள். ஞானையன் கேட்டைத் தாண்டியதும் ஆன்ஸ்லின் ஆரம்பித்தான்.

“அஞ்சு மணிக்கா? அப்ப தோசைக்கு சட்னி யாரு அரைக்க?”

“ஒரு வாரம் நீங்க அரைக்கப்பிடாதா?”

“நானா? அடுக்களையிலயா?” கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவன் அந்த வாசலைத் தாண்டியதில்லை. “ஆகாதுன்னு ஞானையன் சார்ட்ட சொல்லிரு.”

ஷீஜா ஒன்றும் சொல்லவில்லை. புத்தியுள்ள புருஷன் அந்த இடத்திலேயே பயந்திருப்பான். இவன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போனான்.

மறுநாள் ஆராய்ச்சி தொடங்கியது. வால்வுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டினான். ஒன்று ‘டிங்’ என்றது, அதை மாற்றினான். ம்ம்ம்ம். கிட்டார் கேபிளைப் பிடுங்கினான். இரைச்சல் நின்றது. சொருகினான். வந்தது.

“பிடிச்சாச்சு! ஆம்புல குத்தமில்ல. பக்கத்துல ஏதோ கரண்டு சாமான் செய்யுத வேலை. அதைத்தான் கிட்டார் இழுத்து ஆம்புக்குக் குடுக்குது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?”

“அடுக்களைதான்.”

“அப்ப கள்ளன் அங்கதான் இருக்கான். நீ உள்ள போ. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா அணை.”

ஆராய்ச்சியாளன் ஹாலில் சுவரோரம் கிட்டாரோடு உட்கார்ந்தான். காது ஆம்பில் இருந்தது. சுவிட்ச் ஷீஜாவின் கையில் இருந்தது.

“பேன்!”

“அணைச்சாச்சு.”

ம்ம்ம்ம்.

“பிரிட்ஜ்!”

“அணைச்சாச்சு.”

ம்ம்ம்ம்.

“மிக்சி பிளக்கைப் பிடுங்கு!”

அமைதி. அடுத்த வீட்டுக் கோழி கிளறுவது கேட்டது.

“திரும்பச் சொருகு!” ம்ம்ம்ம். “பிடுங்கு!” அமைதி. “மிக்சிதான்! ஓட்டாமலே என்னா கத்து கத்துது!”

“எனக்கு என்னங்க தெரியும்? நீங்கதானே படிச்சவிய.”

கிரைண்டரும் அப்படியே மாட்டியது. டியூப் லைட்டும் மாட்டியது. மொத்த அடுக்களையே குற்றவாளி என்று தீர்ப்பானது. மாலை ஐந்து முதல் ஏழு வரை அங்கே கரண்டு கிடையாது என்று ஆன்ஸ்லின் தாளில் எழுதி வாசலில் ஒட்டினான்.

“அப்ப சட்னி?” என்றாள் ஷீஜா.

“புறவாசல்ல அம்மி கிடக்குல்லா?”

“எனக்கு மணிக்கட்டு வலி, கேட்டியளா. மிக்சி இல்லாம என்னால ஆகாது. பேசாம டெல்வினே வாசிக்கட்டு.”

டெல்வினும் கீபோர்டும் கண்முன்னே வந்து நின்றார்கள். ஆன்ஸ்லின் துள்ளி எழுந்தான்.

“நான் அரைக்கேன்! நீ அடுக்களைப் பக்கமே வராம எங்கயாவது போய் இரு.”

“எங்க போக?”

“ஏட்டி, பிராக்டிசுக்குத்தான் போயேன்!”

“ஆகாதுன்னு சொல்லச் சொன்னியளே.”

“இப்ப நான்தானே சொல்லுதேன், போ!”

ஷீஜா மனசில்லாதவள்போலச் செருப்பை மாட்டினாள்.

அந்த வாரம் முழுக்க ஐந்து மணிக்கு ஆன்ஸ்லின் அடுக்களை பியூசைப் பிடுங்கிப் பையில் போட்டான். ஷீஜா புறவாசலில் எடுத்துவைத்துவிட்டுப் போன தேங்காயை அம்மியில் அரைத்தான். பிறகு வாசித்தான். ஆம்ப் மூச்சுக்கூட விடவில்லை. வெள்ளிக்கிழமை வந்து கேட்ட ஞானையன் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிட்டார் தேனாக ஒலித்தது. இரண்டாம் சரணத்தை ஷீஜா பாடியபோது ஆன்ஸ்லினுக்கே கண் கலங்கியது. இவள் இத்தனை நாள் ஏன் பின்வரிசையில் நின்றாள் என்று நினைத்து வெட்கப்பட்டான். ஆராதனை முடிந்து அசன விருந்துக்கு இலை போடுவதற்கு முன் வெட்கம் தெளிந்து, சாட்சி சொல்ல எழுந்துவிட்டான்.

“கோயில்ல அடுக்களை இல்ல. இரைச்சலும் இல்ல! இதுதான் சயின்ஸ். பிராக்டிஸ் நேரத்துல எல்லா வீட்டுலயும் அடுக்களையை அடைச்சிரணும். சட்னியை ஆம்பிளைய அம்மியில அரைக்கணும்!”

பெண்கள் பக்கம் அப்படியொரு கைத்தட்டல். கரோல் பிராக்டிஸ் நாளை முதல் கிறிஸ்துமஸ் வரை தினமும் ஐந்து மணிக்கு, ஆன்ஸ்லின் சொன்ன முறைப்படி என்று ஞானையன் அங்கேயே அறிவித்தார்.

திங்கட்கிழமை மாலை. பியூசைப் பிடுங்க இன்னும் நேரமிருந்தது. ஆம்பைச் சூடேற விட்டு, கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆன்ஸ்லின் அம்மியின் முன் உட்கார்ந்தான்.

“உப்பு எங்கட்டி?”

“அரிசி டின்னுக்குப் பக்கத்துல. நானு புறப்பட்டாச்சு, நீங்களே எடுங்க.”

பதினாறு வருடத்தில் முதல்முறையாக ஆன்ஸ்லின் உள்ளே போனான். அரிசி டின்னுக்குப் பின்னால், ஹால் சுவரை ஒட்டி, பழைய எமர்ஜென்சி லைட் பிளக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டான். ஹாலில் ம்ம்ம்ம். அணைத்தான். அமைதி. மிக்சியைச் சொருகினான். அமைதி. டியூப் லைட்டைப் போட்டான். அமைதி.

“ஏட்டி ஷீஜா! மிக்சியைப் பிடுங்கிட்டேன்னு சொல்லி இதையா பிடுங்கின?”

“மிக்சியையும்தான் பிடுங்கினேன். கூட இதையும் அணைச்சேன். வேற என்ன அணைச்சேன்னு நீங்க கேட்டியளா?”

“இப்பமே ஞானையன் சார்ட்ட போய்ச் சொல்லுதேன்!”

“சொல்லுங்க. சபை முன்னால சொன்ன சாட்சி தப்புன்னு சொல்லுங்க. மஸ்கட்டுலேருந்து நீங்க கொண்டுவந்த லைட்டை உங்களாலயே கண்டுபிடிக்க முடியல்லேன்னும் சேத்துச் சொல்லுங்க. டெல்வினுக்கு நல்ல சந்தோசமா இருக்கும்.”

ஆன்ஸ்லின் அரிசி டின்னை அந்த லைட் தெரியாதபடி நகர்த்தி வைத்தான். உப்பை எடுத்துக்கொண்டு அம்மிக்கு நடந்தான்.

கேட்டைத் திறந்த ஷீஜா திரும்பிப் பார்த்தாள்.

“கொஞ்சம் புளியும் வச்சு அரைங்க, சனிக்கிழமை சப்புன்னு இருந்துது.”