தொய்வில்லாமல் கட்டிய படகு

கயிறு தொய்ந்தால் ஆள் போச்சு. நான் வாழ்க்கையில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஒரு படகையும் மூழ்கடித்திருக்கிறேன்.

இருபது வயதில் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ரோப் செக்‌ஷனில் சேர்ந்தேன். ஆட்களைச் செங்குத்தான ஷாஃப்டுக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு, அதாவது கேஜ், எந்தக் கம்பிக் கயிற்றில் தொங்குகிறதோ, அதற்கு எண்ணெய் போட்டு, அறுந்த இழைகளை எண்ணுவது என் வேலை. கயிறு தொய்ந்து நின்றால் கேஜ் வழியில் எங்கோ சிக்கியிருக்கிறது என்று பொருள். சிக்கல் விட்டால் அது தொய்வு தீரும்வரை விழும், அப்புறம் கயிறு அறும். சுரங்கத்தை மூடியதும் தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய் லிஃப்ட் மெக்கானிக் ஆனேன். அங்கேயும் அதே கம்பிக் கயிறு, அதே விதி. (கேஜில் ஏறியவர்கள் சாமி கும்பிட்டார்கள், லிஃப்டில் ஏறுகிறவர்கள் போனைப் பார்க்கிறார்கள். வேறு வித்தியாசம் இல்லை.)

என் மனைவி ரோஸ்லின் ஊரிகத்தில் பள்ளி ஆசிரியை. அவள் என்னிடம் அதிகமாக எதுவும் கேட்டதில்லை. படகில் ஒருமுறை உட்கார வேண்டும் என்பது மட்டும் கல்யாணமான நாளிலிருந்து இருந்த ஆசை. கன்னியாகுமரிக்கு மூன்று முறை டிக்கெட் எடுத்தேன். மூன்று முறையும் கிளம்புகிற நாளில் பெங்களூரில் யாராவது ஒருவர் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். இருபத்தைந்தாவது திருமண நாள் நெருங்கியபோது அவள் டிக்கெட்டைப் பற்றிப் பேசவே இல்லை. அது எனக்கு உறுத்தியது.

அந்தச் சமயத்தில்தான் நான் வேலை பார்த்த ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே தார்ப்பாய் மூடிய பாய்மரப் படகைப் பார்த்தேன். பதினான்கு அடி ஃபைபர் படகு. சொந்தக்காரர் பணி ஓய்வு பெற்றவர், வெளிநாட்டில் மகனிடம் போகிறார். படகை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தார்.

"ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எல்லாம் கயிறு வேலைதானே சார்" என்றேன்.

அவர் பாய் மூட்டையை என் கையில் கொடுத்தார்.

படகை மினி லாரியில் பேத்தமங்கலம் ஏரிக்குக் கொண்டுவந்து இறக்கினேன். வாங்கிய வாரம் முழுக்க ரயிலில் வரும்போதும் போகும்போதும் போனில் பாய்மரப் படகு வீடியோக்கள் பார்த்தேன். படகைக் கட்டி நிறுத்துவது எப்படி என்பது கடைசிப் பகுதி. கயிறு கட்டுவதை எனக்கே சொல்லித்தருகிறார்களா என்று அதைப் பார்க்காமல் அணைத்துவிட்டேன். அந்தப் பகுதி நான்கு நிமிடம்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை பாய்மரத்தை நிறுத்துகிற வேலை. உதவிக்கு எங்கள் லைன் வீடுகளில் குடியிருக்கும் குப்புசாமி அண்ணா வந்தார். சுரங்கத்தில் வைண்டர் டிரைவர், அதாவது மேலே உட்கார்ந்து கேஜை ஏற்றி இறக்கும் இயந்திரத்தை ஓட்டியவர். பாய்மரத்தின் உச்சியில் கட்டிய கயிற்றை அவர் கரையில் நின்று இழுக்க வேண்டும், நான் அடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"இழுங்கண்ணா" என்றேன்.

"சிக்னல் குடு."

"நாந்தான் எதிர்லயே நிக்கிறேனே."

"வாயால சொல்றத கேட்டு நான் எந்தக் காலத்துல ஓட்டிகிறேன்? தட்டு."

சுரங்கத்தில் மணி தட்டித்தான் கேஜுக்குச் சொல்வது, ஒரு தட்டு என்றால் ஏற்று. ஸ்பானரால் படகின் விளிம்பில் ஒருமுறை தட்டினேன். இழுக்க ஆரம்பித்தார். பாய்மரம் அழகாக எழுந்தது. முக்கால்வாசி எழுந்தபோது ஸ்பானர் கைதவறி விழுந்து இரண்டு முறை துள்ளியது. இரண்டு தட்டு என்றால் இறக்கு. மனிதர் யோசிக்காமல் பாய்மரத்தை என் தோளில் இறக்கிவிட்டார்.

"ரெண்டு தட்டுனியே" என்றார் நான் எழுந்ததும். அவர் பக்கம் நியாயம் இருந்ததால் மறுபடியும் தட்டினேன்.

மத்தியானத்துக்குள் பாய்மரத்தை நிறுத்தி, முன்னால் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக அதைத் தாங்கும் மூன்று கம்பிகளையும் முறுக்கினேன். விரலால் சுண்டினால் வீணை மாதிரி சத்தம் வந்தது. அந்த வேலையில் இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. (யாரும் சொல்லவும் இல்லை. மறுநாள் சொல்ல வேறு பெரிய குறை இருந்தது.)

அப்புறம் படகைக் கட்டுவது. ஏரி பல வருடம் வறண்டு கிடந்தபோது யாரோ உள்ளே ராகி போட்டு வேலி நட்டிருந்தார்கள். அந்தக் கருங்கல் கால்கள் இப்போது இடுப்பளவு தண்ணீரில் நின்றன. நல்ல கற்கள், கம்பி போக ஓட்டையும் இருந்தது. படகின் மூக்கை ஒரு காலோடும் வாலை இன்னொரு காலோடும் கட்டினேன். லிஃப்ட் வேலையில் மிச்சமான கம்பிக் கயிறு, முனைக்கு மூன்று இரும்பு கிளிப். படகு ஒரு அங்குலம் கூட அசையவில்லை. குப்புசாமி அண்ணா கயிற்றை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

தெப்பத்தில், அதாவது வட்டப் பரிசலில், மீன் பிடிக்கும் வெங்கடப்பா வலையைச் சுருட்டியபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னடக்காரர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார்.

"சார், கவுறு கொஞ்சம் லூஸ் வுடு. தண்ணி ஏறும், எறங்கும்."

"லூஸா வுட்டா ஆவாது" என்றேன். "ரெண்டாயிரம் அடி ஆழத்துக்கு ஆள எறக்குன கயிறெல்லாம் பாத்தவன் நானு."

"அங்க தண்ணி இருந்திச்சா சார்?"

மீன்காரருக்கு ரோப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவு நல்ல மழை. அதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் திருமண நாள். சர்ச்சில் ஆராதனை முடிந்ததும், மாதர் சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேர் கேக்கும் புளிசோறும் எடுத்துக்கொண்டு வேனில் ஏரிக்கு வந்தார்கள். ரோஸ்லின் கல்யாணத்தன்று கட்டிய பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். "எங்க வீட்டுக்காரர் இதுக்காவ ஒரு வாரமா தூங்கல" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் என்னைப் பற்றிப் பெருமை பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கரை ஏறிப் பார்த்தோம். மேலே இருந்த ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து, தண்ணீர் இன்னும் ஒரு மார்பளவு உயர்ந்திருந்தது. கல் கால்களைக் காணோம். படகையும் காணோம். தண்ணீருக்கு நடுவிலிருந்து பாய்மரம் மட்டும் தூக்குக்குண்டு வைத்த மாதிரி நேராக நின்றது. அதன் உச்சியில் நான் கட்டிய சிவப்பு ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஏறியிருக்கிறது, படகும் ஏறப் பார்த்திருக்கிறது, என் கயிறு விடவில்லை.

"போட் எங்கங்க?" என்றாள் ரோஸ்லின்.

"அதுக்கு அடியில."

"எப்பிடி முழுகிச்சி?"

"கயிறு அறுகல" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஒன்பது பெண்களும் ஒரே நேரத்தில் கேக்கைப் பார்த்தார்கள். எனக்கு அந்தத் தண்ணீருக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது. மூன்று டிக்கெட்டுக்காக ஒருமுறை கூட மன்னிப்புக் கேட்டதில்லை என்பது அங்கே நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது. கேட்டேன். எல்லோர் எதிரிலும், கோர்வையில்லாமல் கேட்டேன். கூட வந்திருந்த குப்புசாமி அண்ணா திரும்பி நின்றுகொண்டார்.

ரோஸ்லின் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரமாக நடந்துபோனாள்.

"இன்னாங்க வெங்கடப்பா, இந்தத் தெப்பத்துல ஒரு ஆளு உக்காரலாமா?"

"ரெண்டு பேர் உக்காரலாம் மேடம். சார் வராரா?"

"அவரு வாணாம். எதாவது கட்டிடப் போறாரு."

வட்டமான அந்தத் தெப்பத்தில், மீன் வாடைக்கு நடுவில், பட்டுப்புடவையை முழங்காலில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெங்கடப்பா துடுப்புப் போட்டார். தெப்பம் சுற்றிச் சுற்றிப் போனது. முதல் சுற்றில் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள், நான்காவது சுற்றில் கையை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். பாய்மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, பக்கத்துக் கம்பியைச் சுண்டிப் பார்த்தாள்.

"நல்லா டைட்டாதான் கீது" என்று கரைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

மாதர் சங்கம் சிரிக்க ஆரம்பித்தது. அவள் திரும்பி வந்ததும் ஒவ்வொருவராகத் தெப்பத்தில் ஏறி என் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ரோஸ்லின் கேக்கை வெங்கடப்பாவோடு சேர்ந்து வெட்டினாள். நான் புளிசோறு சாப்பிட்டேன்.

தண்ணீர் வடிந்த பிறகு படகை மேலே எடுத்தோம். கிளிப்பைக் கழற்ற எனக்கே இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது படகு வெங்கடப்பாவிடம் இருக்கிறது. அவர் கட்டுகிற சணல் கயிற்றைப் பார்த்தால் என் கை தானாக ஸ்பானரைத் தேடும், அவ்வளவு தொய்வு. படகு மிதக்கிறது.

போன வருடம் எங்கள் மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம். போதகர் ஜெபித்துத் தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளை அவள் பின்னால் நின்று முடிச்சைப் போட்டார், இழுத்தார். முன் வரிசையிலிருந்து ரோஸ்லின் எழுந்தாள்.

"தம்பி, ஒரு வெரல் நுழையற மாதிரி லூஸ் வெச்சி கட்டுங்க. எங்க வீட்டுப் போட் கதை தெரியும் இல்ல?"

மாதர் சங்கம் இருந்த பக்கம் முழுக்கச் சிரிப்பு. போதகர் புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தார். மாப்பிள்ளை பாவம், கையில் கயிற்றோடு என்னைப் பார்த்தார்.

"போதுமா மாமா?"

"என்னைக் கேக்காதீங்க தம்பி" என்றேன். "கட்டிக்கிறவள கேளுங்க."