தோளில் விழுந்த கை

கடவுளிடம் அடையாளம் கேட்பவர்கள், அது கிடைத்துவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் யோசித்துவிட்டுக் கேட்பது நல்லது. நான் யோசிக்காமல் கேட்டவன்.

பாதிரியாராகப் படிக்கும் குருமடத்தில் எல்லோரிடமும், கடவுள் தன்னைக் கூப்பிட்டதாக ஓர் அழைத்தல் கதை இருந்தது. ஒருவனுக்கு நற்கருணை முன்னால் குரல் கேட்டதாம். இன்னொருவன் ஆற்றில் மூழ்கிப் பிழைத்தவன். நான் சேர்ந்ததோ, பத்தாம் வகுப்பு விடுமுறையில் நடந்த தேவ அழைத்தல் முகாமில் தினமும் கறிச்சோறு போட்டதால். (வெள்ளிக்கிழமை மட்டும் முட்டை.)

இதை வைத்துக்கொண்டு எப்படிச் சாமியாராவது? தொடர்வதா, வீட்டுக்குப் போவதா என்று உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டருக்குள் முடிவு சொல்லும்படி குருமட அதிபர் தந்தை கெடு வைத்துவிட்டார். அப்போது படிப்புக்கு நடுவே பணி செய்ய ஓசூர்ப் பங்குக் கோயிலுக்கு அனுப்பப்பட்டிருந்தேன். கம்பெனி ஷிப்டுக்கு ஏற்பப் பூசை நேரம் மாறும் பங்கு அது. "ஆண்டவரே, கூப்பிட்டது நீர்தான் என்பதற்கு ஒரே ஓர் அடையாளம்" என்று தினமும் அவரை நச்சரித்தேன்.

தவக்காலத் தொடக்கத்தில் பங்குத் தந்தை ஒரு வேலை கொடுத்தார். பெரிய வெள்ளியன்று சிலுவையில் அறைந்து, பிறகு கீழே இறக்கிவைக்கும் இயேசு சுரூபத்தை நாட்றாம்பாளையம் பக்கத்து மலைக்கிராமக் கோயிலில் சேர்க்க வேண்டும். ஆள் உயர மரச் சுரூபம். கைகளை விரித்து மடக்கத் தோள்களில் மூட்டு உண்டு. வர்ணம் புதுப்பித்த பெயின்டர் எச்சரித்தார்: "மூட்டுல எண்ண உட்டிருக்கேன் பிரதர். கைய இறுக்கிக் கட்டுங்க, இல்லாட்டி ஆடும்."

ஆண்டவரை இறுக்கிக் கட்டுவதா? (எனக்கு அப்போது பக்தி அதிகம், புத்தி குறைவு.) கயிற்றைப் பட்டும் படாமலும் சுற்றி, வெள்ளை வேட்டியால் போர்த்தி, குட்டியானையில் ஏற்றினேன். சின்ன சரக்கு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மதியம் ஜூஜுவாடியில் லோடு இருக்கிறது என்று ஓட்டுநர் முனிராஜ் அவசரப்படுத்தியதால் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். சுரூபம் உருளாமல் பார்த்துக்கொள்ள நான் பின்னால் உட்கார்ந்தேன்.

தேன்கனிக்கோட்டை டீக்கடையில் எங்கள் வண்டியைப் பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அஞ்செட்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் பனி இறங்கியது. முதலில் மரங்கள் மறைந்தன, பிறகு சாலையும் மறைந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை. போர்த்திய வேட்டி, உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காற்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வழக்கமான மன்றாட்டைத் தொடங்கினேன்: "ஆண்டவரே, ஒரே ஓர் அடையாளம்..."

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. என் தோளில் ஒரு கை விழுந்தது.

சில்லென்ற, கனமான கை. திரும்பாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன். நடுவில் ஆணித் துளை.

இறைவாக்கினர்கள் இந்த இடத்தில் "இதோ அடியேன்" என்றார்கள். நான் "அம்மா!" என்று அலறிக் குதித்தேன். வண்டி ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்ததால் எலும்பு தப்பியது. வந்த வழியே பனிக்குள் ஓடினேன். வண்டி நிற்கும் சத்தம், அப்புறம் பின்னாலேயே தடதடவென்று காலடி. ஆண்டவர்தான் துரத்துகிறார் என்று சத்தியமாக நம்பினேன். காலடி என்னை முந்தியது. முனிராஜ்! "ஆனெ! ஆனெ!" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே போனார்.

இருவரும் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கினோம்.

"எத்தன யானை பிரதர்?"

"யானை இல்லீங்க. சாமி என் தோள்ல கை வச்சிட்டாரு."

முனிராஜ் என்னையே பார்த்தார். "அதுக்கு நான் எதுக்கு ஓடியாந்தேன்?"

அப்போதுதான் வண்டி நின்ற திசையிலிருந்து அழுகுரல் கேட்டது. ஒரு பெண்ணின் குரல். நானும் முனிராஜும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்) மெல்ல நடந்தோம். பால் கேனைக் கீழே வைத்துவிட்டு ஓர் அம்மா நின்றிருந்தார். வண்டிக்கு வெளியே தொங்கிய கையைத் தன் இரு கைகளிலும் ஏந்தியிருந்தார்.

"எவ பெத்த புள்ளயோ! கூட வந்தவனுங்க நடுக்காட்டுல உட்டுட்டு ஓடிட்டானுங்களே!"

என்னைக் கண்டதும் அழுகை கோபமானது. "யார்றா நீ? இவருக்கு நீ என்ன ஆவணும்?"

அதிபரின் கேள்வி இதைவிட எளிது. "எனக்குத் தெரியாது" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. (இயேசுவைத் தெரியாது என்று சொன்ன சீடருக்குக் கூவியதுபோல ஒரு சேவல் கூவியிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.)

"கூட வந்தவன்மா" என்றேன்.

"அது மரச் சிலைம்மா" என்றார் முனிராஜ்.

அந்த அம்மா கையை விடவில்லை. "சிலைன்னா மட்டும் உட்டுட்டு ஓடலாமா? கூட வந்தவன் கூட உக்காரணும்."

ஏறி உட்கார்ந்தேன். கோயில் வரும்வரை அந்தக் கையைப் பிடித்திருந்தேன். பயம் போகவில்லை, ஆனால் விடவும் மனம் வரவில்லை. அந்த வாரமே அதிபருக்குப் போன் செய்து, தொடர்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முனிராஜ் சும்மா இருப்பாரா? கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கே வந்து முழுவதையும் நடித்துக் காட்டிவிட்டார். சில வருடங்கள் கழித்து என் குருப்பட்டம். பட்டம் கொடுக்கும் ஆயர் என் தலைமேல் கைகளை வைத்தார். கோயிலே அமைதியில் உறைந்திருக்க, முன்வரிசையிலிருந்து என் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"டேய், ஓடிறாதடா!"

ஆயர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.