மாமாவின் துவக்குக்கு நான் வாங்கிய கண்ணாடி

கண்ணாடி விற்பவனுக்குக் கண் தெரியும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. கல்முனையில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வருடக்கணக்காக லென்ஸ் துடைத்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன். ஒருவர் கடைக்குள் நுழையும்போதே அவர் முகத்துக்கு எந்தப் பிரேம் பொருந்தும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவருக்கு என்ன குறை என்பதை மட்டும் அவரே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நான் சாய்ந்தமருதுக்காரன். கடலைப் பார்த்து வளர்ந்தவன். எனக்கு இறக்காமத்தில் பெண் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஒரு சூட்கேஸும் மோட்டார் சைக்கிளுமாகப் போய் இறங்கினேன். மனைவி ஜெஸீமா. மாமனார் மீராலெவ்வைப் போடியார், குளத்துக்குக் கீழே எட்டு ஏக்கர் வயல் செய்கிறவர். பயிர்க்காவலுக்கென்று லைசன்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றும் அவரிடம் இருந்தது.

போன முதல் வாரமே மாமா என்னை வயலுக்குக் கூட்டிப் போனார். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, "இந்தப் பக்கம் வெள்ளாமை நல்லாச் செழிச்சிரிக்கி மாமா" என்றேன். நான் காட்டியது புல். மாமா குனிந்து ஒரு தாளைக் கிள்ளித் தடவினார். "ஓம் மருமகன், நல்லாத்தான் செழிச்சிரிக்கி" என்று மட்டும் சொன்னார். (மறுநாள் அதைப் பிடுங்க ஆள் வைத்தார்.)

ஆகவே, ஆறு மாதம் கழித்து ஒரு காலைச் சாப்பாட்டின்போது அவர் என்னிடம் ஆலோசனை கேட்டார் என்றால், என் நெஞ்சு எவ்வளவு விரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"மருமகன், துவக்குல பூட்டுற தூரக்கண்ணாடி எண்டு ஒண்டு இரிக்காமே?"

"ஓம் மாமா, ஸ்கோப்."

"அதான். பாரமில்லாம, லேசில பழுதாகாத சாமானாப் பாத்து ஒண்டு எடுத்துத் தருவீங்களா? பண்டிக் கரைச்சல் தாங்க ஏலாம இரிக்கி. கண்ணாடி உங்கட தொழில்தானே."

கதிர் பால் பிடிக்கும் காலம். காட்டுப் பன்றிகள் கூட்டமாக இறங்கி வரம்போடு சேர்த்து உழுதுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. (நாங்கள் பன்றியைத் தின்பதில்லை. எங்கள் நெல்லைத் தின்பதற்குப் பன்றிக்கு அப்படி எந்தத் தடையும் இருப்பதாகத் தெரியவில்லை.)

மூன்று வாரம் ஃபோனும் கையுமாக இருந்தேன். பனிமலையில் மான் வேட்டையாடும் வெள்ளைக்காரர்களின் வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். சாப்பாட்டுப் பாயில் உட்கார்ந்து லென்ஸின் பூச்சு, உருப்பெருக்கம், நீர் புகாத தன்மை என்று விளக்கம் கொடுத்தேன். மாமி ஆணம் ஊற்றிய அகப்பையோடு அப்படியே நின்று கேட்பா. மாமாவோ ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "அதுக்குள்ளால பாத்தா நல்லாத் துலக்கமாத் தெரியுமா மருமகன்?"

"நூறு யார் தூரத்துக்கு அங்கால நிக்கிற பண்டிட மீசை தெரியும் மாமா."

"மீசை வேணாம். பண்டி தெரிஞ்சாக் காணும்."

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. உருப்பெருக்கத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொழும்பில் துவக்குச் சாமான் விற்கும் பழைய கடையொன்றைத் தேடிப் போனேன். கடைக்காரர் நரைத்த தாடியோடு ஒரு ஹாஜியார்.

"என்ன துவக்குக்குத் தம்பி?"

சிறு ஈயக் குண்டுகளை விதைத்தாற்போல் சிதறடிக்கும் ஒற்றைக்குழல் துவக்கு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பனிமலை வீடியோ பார்த்தவன் அல்லவா. "ரைபிள்" என்றேன்.

"என்ன ரைபிள்?"

"பெரிய ரைபிள்."

ஹாஜியார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்று ஸ்கோப்புகளை எடுத்து வைத்தார். முதலாவது அம்மிக் குழவியின் கனம். இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது ஒரு கதலி வாழைப்பழத்தின் அளவுதான் கனத்தது. பாரமில்லாமல் வேண்டும் என்று மாமா சொன்னது காதில் ஒலித்தது. மூன்றாவதைத் தூக்கினேன்.

"தம்பி, அது காத்துத் துவக்குக்குப் போடுறது. உதைக்கிற துவக்குக்குச் சரிவராது. கண்ணுக்கும் அதுக்கும் விட வேண்டிய இடம்..."

நான் கையை உயர்த்தினேன். "ஹாஜியார், நான் கண்ணாடித் தொழில்."

ஹாஜியார் மற்ற இரண்டையும் எடுத்து உள்ளே வைத்தார். "உடையாதுதானே?" என்று நானே கேட்டேன்.

"கண்ணாடி உடையாது தம்பி" என்றார். 'கண்ணாடி' என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னதன் பொருள் எனக்கு நாலு நாள் கழித்துத்தான் விளங்கியது.

துவக்கில் அதைப் பூட்டுவதற்கு ஒரு பிடி தேவைப்பட்டது. லேத் பட்டறைக்காரர் ஒருவர் அளவெடுத்துச் செய்து தந்தார். "இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிப் பூட்டுவமா?" என்று அவரும் கேட்டார். வேண்டாம் என்றேன். கண்ணாடி என்றால் கண்ணுக்குக் கிட்டத்தானே இருக்க வேண்டும்? மூக்குக்கண்ணாடியை எவராவது ஒரு சாண் தள்ளிப் போடுகிறார்களா?

வெள்ளிக்கிழமை காலை, வயலில் ஒத்திகை. மாமி தேநீரும் ரொட்டியுமாக வந்துவிட்டா. ஜெஸீமா புது அபாயா போட்டு வந்திருந்தாள். பக்கத்து வயற்காரர்கள் ஏழெட்டுப் பேர் காவல் குடிசையான வாடிக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். நாற்பது அடி தள்ளி வரம்பின் மேல் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குப் பக்கவாட்டில் கொஞ்சம் தூரத்தில் மாமாவின் பழைய சட்டை போட்ட வெருளி ஒன்று கையை விரித்துக்கொண்டு நின்றது.

"நீங்க வாங்கின கண்ணாடி. முதல் வெடியை நீங்களே வைய்ங்க மருமகன்" என்று மாமா துவக்கை நீட்டினார்.

என் வாழ்க்கையில் அன்றுவரை நான் சுட்டது மாங்காய்க்கு எறிந்த கல் மட்டும்தான். ஆனால் ஜெஸீமா பார்த்துக்கொண்டிருந்தாள். துவக்கை வாங்கினேன். கூடியிருந்தவர்களுக்கு ஐந்து நிமிடம் விரிவுரையும் ஆற்றினேன். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி, லென்ஸைத் துடைப்பவன் பார்ப்பது போல் ஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்து, விசையை இழுத்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது வானம். அதற்கு அடுத்தது வாய்க்கால் தண்ணீர்.

துவக்கு உதைத்த உதையில் ஸ்கோப்பின் விளிம்பு வலது புருவத்துக்கு மேலே பாய்ந்து, என்னை மல்லாத்தி வாய்க்காலுக்குள் தள்ளியிருந்தது. முகமெல்லாம் இரத்தம். மாமி "யா அல்லாஹ்!" என்று கத்தினா. ஜெஸீமா புது அபாயாவோடு தண்ணீருக்குள் குதித்தாள். (இன்றைக்கும் எனக்கு அது பெருமை. அவளுக்கு அந்த அபாயாதான் கவலை.)

வாளி அப்படியே இருந்தது. யாரோ ஓடிப்போய் வெருளியைப் பார்த்துவிட்டு வந்து, சட்டையில் ஏழு ஓட்டை என்றார்.

"பாவம், அது பண்டிக்கு எதிரா நம்மட பக்கம் நிண்ட ஆள்" என்றார் மாமா.

பிறகு ஸ்கோப்பை எடுத்துத் துடைத்துப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. நான் தேடியலைந்த இரண்டு குணங்களும் அதற்கு இருந்தன என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது. வயற்காரர்களில் இருவர் எழுந்தார்கள். மாமா கையமர்த்தினார். "எண்ட மருமகன். நான் கொண்டுபோறன்." மாமியின் சால்வையை என் தலையில் கட்டிவிட்டு, என் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஜெஸீமாவும் மாமியும் ஆட்டோ பிடித்து வருவதாக ஏற்பாடு.

வலது கண் வீங்கி மூடிவிட்டது. மிச்சமிருந்த இடது கண்ணால் மாமாவின் தோளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்துக்கொண்டு போனேன். கொஞ்ச தூரத்தில் மாமா ஹோர்ன் அடித்தார். நிறுத்தாமல் அடித்தார்.

"ஆரு மருமகன் அது, விலகாம நிக்கிற?"

"மாமா, அது மைல் கல்."

"ம்." வெட்டித் திருப்பினார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "அஸ்ஸலாமு அலைக்கும்!" என்று உரக்கச் சலாம் சொன்னார். பதில் வரவில்லை. லைட் கம்பத்திடமிருந்து வர முடியாது.

எனக்கு வலி மறந்துபோய்விட்டது. "மாமா, இடப்பக்கம் மாடு! மாமா, வாய்க்கால்! மாமா, மதகு!" என்று கத்தத் தொடங்கினேன். இரண்டு பேரிடமும் சேர்த்து ஒரே ஒரு கண்தான் வேலை செய்கிறது, அதுவும் பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்ற உண்மை மெல்ல எனக்கு உறைத்தது. வாய்க்கால் ஓரமாக இரண்டு அங்குலத்தில் வண்டி நின்றது.

"மாமா, உங்களுக்குக் கண் தெரியிதில்லையா?"

மாமா எஞ்சினை நிறுத்தினார். திரும்பாமல் சொன்னார்: "தெரியும் மருமகன். எல்லாம் புகைக்குள்ளால தெரியிற மாதிரி இரிக்கி. கிட்டப் போனாத்தான் இது மாடு, இது மனிசன் எண்டு பிடிபடும்."

"எவ்வளவு காலமா?"

"போன வருசமே தொடங்கிட்டு. போன போகத்தில பண்டியெண்டு துவக்கத் தூக்கிட்டன். 'போடியார், நான்தான்' எண்டு சத்தம் வந்திச்சு. நம்மட வயற்காரன். அண்டைக்குப் பிறகு நான் துவக்கால சுட்டதில்ல. அதான் அந்தக் கண்ணாடியெண்டாலும் இருந்தா..."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே மாமா. எண்ட தொழிலே அதுதானே."

"அதாலதான் சொல்லல்ல" என்றார். "கலியாணம் பேசக்குள்ள உங்கட வாப்பாட்ட நான் என்ன சொன்னன்? 'எண்ட கண், கை, கால் எல்லாம் நல்லாயிரிக்கி, எண்ட வயலை நானே பாப்பன், மருமகனுக்கு ஒரு தொந்தரவும் வராது' எண்டு சொன்னன். ஆறு மாசத்தில கண் தெரியல்ல எண்டு வந்து நிக்கிறதா?"

மூன்று வாரம் அந்த மனிதருக்கு நேர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். மீன் முள்ளை அவர் கண்ணால் அல்ல, விரலால் தடவித் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் நான் லென்ஸின் பூச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இறங்கி அவருக்கு முன்னால் வந்து நின்றேன். ஒரு கண் வீங்கிய நிலையில்தான் அவருடைய இரண்டு கண்ணையும் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். கருமணியில் வெள்ளை படர்ந்திருந்தது. எங்கள் கடைக்குப் புதிதாக வந்தவன்கூடக் கண்டுபிடித்திருப்பான்.

"இறங்குங்க மாமா, நான் ஓட்டுறன்" என்றேன். தலையில் மாமியின் பூப்போட்ட சால்வையோடு, ஒற்றைக் கண்ணால், சைக்கிளைவிட மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார். "மாடு முட்டிப்போட்டுது டொக்டர்." மருமகனின் மானத்தைக் காக்க அவர் அவசரத்தில் கட்டிய பொய் அது.

டொக்டர் காயத்தைச் சுற்றிவரப் பார்த்தார். "மாட்டுக்கு வட்டக் கொம்பா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காயம் மறுபடி இரத்தம் கசியத் தொடங்கிவிட்டது. ஐந்து தையல். அது முடிந்ததும், "டொக்டர், இவரையும் ஒருக்காப் பாருங்க" என்று மாமாவைக் கதிரையில் உட்கார வைத்தேன். அவர் எதிர்க்கவில்லை.

அந்த வருடமே இரண்டு கண்ணுக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று மாமா என்னை நீண்ட நேரம் உற்றுப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நானும் தயாராக நின்றேன்.

"மருமகன், உங்களுக்கு மீசை இரிக்கி!" என்றார்.

பன்றிகளை அயல் வயற்காரர்களோடு சேர்ந்து முறைக்காவல் இருந்து, தகரம் தட்டி விரட்டினோம். நானும் போனேன். இப்போது எனக்குப் புல்லுக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியும், பெரும்பாலான நாட்களில். ஸ்கோப்பைக் கழற்றிய அன்றே மாமி எடுத்துக்கொண்டா. வீட்டுப் பின்கதவில் நின்று பார்த்தால் வயல் வட்டை தெரியும். வாடியில் மாமா பீடி பற்றவைக்கிறாரா என்று அதற்குள்ளால்தான் பார்க்கிறா.

புருவத்துக்கு மேலே அந்த வடு நின்றுவிட்டது. மெல்லிய, வளைந்த, வெள்ளைக் கோடு. அதைப் பார்த்து எனக்குப் 'பிறை மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. மாமியின் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு வருடமும் இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து, வீடே முற்றத்தில் நின்று வானத்தில் பெருநாள் பிறையைத் தேடும்போது, மாமா என் நெற்றியைத் திருப்பிப் பார்த்து, "இஞ்ச கிடக்கு, நாளைக்குப் பெருநாள்" என்பார்.

போன வருடம் எங்கள் ஐந்து வயது மகள் நுஹா அதைக் கேட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். "பிறை கண்டாச்சு! எங்கட வாப்பா கண்டுட்டாரு!" பக்கத்து வீட்டில் வெடி கொளுத்தினார்கள். அதைக் கேட்டு அடுத்த தெருவிலும் கொளுத்தினார்கள். மாமி இறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டா. பத்து நிமிடத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"போடியார், பிறை கண்ட ஆக்கள் ஆரு? சாட்சி வேணும்."

மாமா கொஞ்சமும் சிரிக்காமல் என்னை விளக்கு வெளிச்சத்துக்கு இழுத்துவந்து நிறுத்தினார். மோதினார் குனிந்து புருவத்தை நன்றாகப் பார்த்தார்.

"பிறை சரிதான். ஆனா எட்டு வருசமா ஒரே இடத்திலயே நிக்கிதே போடியார்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

அன்று எங்குமே பிறை தென்படவில்லை. முப்பதாவது நோன்பையும் பிடித்தோம். இறைச்சிச் சட்டியை இறக்கி வைத்த மாமி, பெருநாள் காலை வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.